செகண்ட்ஸ்

ஆனிக் கடைசியில்
இன்ஸ்பெக்‌ஷனில் நின்றுபோனது சரக்கு.
ஆயிரத்து இருநூறு பனியன்,
எல்லாம் நாலு வயசைத் தாண்டாத அளவு.
கனடாவில் கிரீ என்றொரு மக்களாம்,
அவர்கள் பிள்ளைகள் போகும் பள்ளிக்காம்.
நெஞ்சில் அவர்கள் எழுத்தில் ஒரு சொல்.
அதில் ஒரு முக்கோணம் கவிழ்ந்துவிட்டது.

“இதுக்கா இத்தனை ரகளை?” என்றேன்.
மெர்ச்சன்டைசர் திவாகரன்
தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.
“டீச்சருங், அவுங்க எழுத்துக்குக் கொம்பில்லை, காலில்லை.
பாக்குற திசைதான் உயிரு.
மேல பாத்தா இ, கீழ பாத்தா ஏ,
வலப்பக்கம் ஓ, இடப்பக்கம் அ.
நாம கவுத்துப்புட்டோம்.”

அனுப்பர்பாளையத்தில் கம்பெனிக் காப்பகம்.
சுவருக்கு அந்தப்பக்கம் ஓவர்லாக் மிஷின்கள்,
இந்தப்பக்கம் பதினேழு பிள்ளைகளும் நானும்.
கெ என்று எழுதச் சொன்னால்
கொம்பைப் பின்னால் கொண்டுபோய் மாட்டுவான் கபிலேஷ்.
லிப்சாவுக்கு வீட்டில் ஒடியா, குந்தனுக்குப் போஜ்புரி.
மூட்டையில் பாதியை இங்கே அனுப்பினார்கள்,
தரை துடைக்க.

துடைக்கவில்லை.
எழுத்தை மட்டும் கத்தரித்து எடுத்தேன்.
முதுகில் நாலு நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது.
அது யார் வீட்டு வாசல் கோலமோ,
அதில் கத்தரி வைக்க மனசு வரவில்லை.
மடித்து அலமாரியில் வைத்தேன்.

ஆடி பிறந்தது.
பாலக்காட்டுக் கணவாயில் புகுந்த காற்று
காயப்போட்ட துணியையெல்லாம் ஊரைவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தது.
முக்கோணங்களுக்குக் கஞ்சி போட்டு
ஈர்க்கில் குண்டூசியால் குத்திக் காற்றாடி செய்தோம்.
மெதுவாகச் சுற்றும்போது
ஏ… அ… இ… ஓ…
வேகம் பிடித்ததும் எழுத்தே இல்லை, வெறும் கூச்சல்.
அன்றைக்கு யாருக்கும் எதையும்
இந்தியில் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் எங்கே பார்த்தாலும் எழுத்துதான்.
கேன்டீன் சமோசா இ.
எண்ணெய் ஊற்றும் புனல் ஏ.
என் போனில் பாட்டுப் போட அமுக்கும் குறி ஓ.
“அப்ப டீச்சர், ஓ-ன்னு சொன்னாத்தான் பாடுமா?”

அவர்களுக்கும் வருசத்துக்கு ஆறு பருவம் என்று
ஐப்பசி மழையில் நனைந்தபடி வந்து சொன்னார் திவாகரன்.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்,
கார், கூதிர், முன்பனி, பின்பனி…
நமக்கும் ஆறுதான்.
ஆனால் அங்கே ஆறு உறைவதற்கு ஒரு பருவம்,
உறைந்தது உடைவதற்கு ஒரு பருவம்.
நொய்யலைக் காட்டி இதை எப்படி விளக்குவது?

மார்கழியில் கேன்டீன் ஃப்ரிட்ஜைக் கடன் கேட்டேன்.
பதினேழு டம்ளர் தண்ணீர்,
ஒவ்வொன்றிலும் ஒரு துணி முக்கோணம்.
ராத்திரி பூராவும் உறையும் பருவம்.
பத்தரை டீ வருவதற்குள் உடையும் பருவம்.
டம்ளரில் காதை வைத்து
டிக் டிக்கென்று விரிசல் விடுவதைக் கேட்டார்கள்.
குந்தன் மட்டும் பொறுக்காமல்
வசந்தத்தைக் கடித்துத் தின்றுவிட்டான்.

இதற்குள் சரக்கு திருத்தி அச்சாகிக் கப்பலேறியது.
திவாகரன் பெருமாநல்லூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.
அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று
கேட்க மறந்தே போனேன்.
ஆறு மாதம் அதன் துண்டுகளோடு விளையாடியிருக்கிறோம்.
ஒறம்பரையாக வந்தவரிடம்
பேரைக்கூடக் கேட்காத மாதிரி.

போகி அன்று காப்புக் கட்டினோம்.
பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ,
சேர்த்துக் கட்டியது மிச்சமிருந்த பனியன் நாடாவால்.
நாற்காலிமேல் ஏறிய லிப்சா
கொத்தைத் தலைகீழாகச் செருகினாள்.
ஆயா கையை நீட்டினார் திருப்பிவைக்க.
“வேணாமுங் ஆயா,
கீழ பாக்குதில்ல, ஏ-ன்னு கூப்புடுது.”
“யாரை?”
அவள் தோளைக் குலுக்கினாள்.

மாசி வந்தும்
பூளை உதிர்ந்து குச்சியாகியும்
அது அப்படியேதான் தொங்குகிறது.