பென்சிலில் மூன்றாவது பத்தி

நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்தில்
மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே, இரண்டாம் மாடி,
காப்பீட்டு அலுவலகம்.
விசாரணை திங்கட்கிழமை.
அதற்குள் ஒரு சொற்பட்டியல் வேண்டுமாம் வக்கீலுக்கு:
இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் போர்ச்சுகீசு,
மூழ்குவது சம்பந்தமாக எது உண்டோ அதெல்லாம்.

இல்டா ரபோசோ சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

கேப்சைஸ் என்றால் விரார்.
மும்பையில் அந்தப் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஃபவுண்டர் என்றால் சொசோப்ரார்.
கம்பெனி ஆரம்பித்தவரை அல்லவா அப்படிச் சொல்வார்கள்?
தண்ணீர் புகுந்து தாழ்வதற்கும் அதே சொல்லாம்.
சரிதான், சில கம்பெனிகளில் வேலை பார்த்திருக்கிறேன்.

சும்மா சிங்க்?
எந்த சிங்க், பாத்திரம் கழுவுவதா? அது பீயா.
ஞானஸ்நானத் தொட்டியும் பீயாதான்,
குழந்தையையும் சட்டியையும்
ஒரே சொல்லில் நனைத்து எடுப்போம் என்றாள்.

தானாக அடிக்குப் போனால் இர் அ பீக்.
வேண்டுமென்றே அனுப்பினால் மெத்தேர் அ பீக்.
வக்கீல் காத்திருந்தது இந்த இரண்டுக்கும்தான்.
படகின் மேல் பதினொரு மாதக் கடன் பாக்கி.
ஓட்டிய ஜில்பெர்த்தோவின் உடல் கிடைக்கவில்லை.
மிதவையில் கிடைத்த பையன் எவாரிஸ்டு, அவர் தங்கை மகன்,
ஏற்றிக் காப்பாற்றியவர்களிடம் சொன்னது ஒரே சொல்:
அஃபுந்தோ.
அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் மொழியில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும்.
படகு என்றும் இல்லை அதில்,
மாமா என்றும் இல்லை.
மூழ்கியது. அல்லது மூழ்கடித்தார்.
இரண்டுக்கும் அஃபுந்தோ.

இல்டா சூப் வாங்கக் கீழே போன நேரம்
தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு கிழித்தேன்.
மூழ்கு, முங்கு, அமிழ்,
தாழ், ஆழ், கவிழ்.
எத்தனை ழகரம், நாக்கே மடிந்து உள்ளே போகிறது.
முழுகாமல் இருக்கிறாள் என்றால் வயிற்றில் பிள்ளை.
வட்டி கட்டாவிட்டால் கடையில் நகை மூழ்கும்,
பிறகு ஏலம்.
ஏலம் அவர்கள் கொடுத்த சொல்.
ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் கப்பலில் கொண்டுவந்தவர்கள்
மூழ்குவதற்கு மட்டும் ஒன்றும் இறக்கவில்லை.
நம்மிடம் ஏற்கெனவே கையிருப்பு இருந்தது போல.

படகு கவிழ்ந்தது.
படகைக் கவிழ்த்தான்.
ஒரு மெல்லினம் வல்லினமானால் போதும்,
உள்ளே ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

என் வளையல் எட்டும் மூழ்கிடுச்சு என்று
மதுரையிலிருந்து பரணி போனில் சொன்னபோது
இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது.
மூழ்கிச்சா, மூழ்கடிச்சியா?
நம் மொழியில் அதைக் கேட்க முடியும்.
சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மூன்று மணிக்கு வாக்குமூலம் திரும்பி வந்தது.
இல்டா அந்த ஒற்றைச் சொல்லுக்கு
சேங்க் என்று மட்டும் எழுதி, முன்னால் இடம் விட்டிருந்தாள்.
வக்கீல் அந்த இடத்தில் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்:
யார்? எது? ஆங்கிலத்தில் இப்படி நிற்காது.
நிற்காவிட்டால் விழட்டும் என்று கோட்டை மாட்டினாள்.
பையனுக்கு இருபத்தோரு வயசு.
அந்த இடத்தை நான் நிரப்பமாட்டேன்.

போகிற போக்கில் என் பென்சில் பத்தியைப் பார்த்துவிட்டாள்.
கவிழ் என்பதன் மேல் விரலை வைத்து
இது என்ன என்றாள். சொன்னேன்.
ந்-ஐயும் த்-ஐயும் எழுதிக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே
சிப்பிப் படகுகளைப் பார்த்தபடி நின்றாள்.

உங்கள் மொழியாக இருந்தால்
அந்தப் பையன் என்ன சொல்லியிருப்பான்?

ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான் என்றேன்.