இரண்டாம் பக்கத்தில் கையொப்பம்

உன்னிச்சைக் குளத்தில்
துருசு திறந்து மூடுவது என் உத்தியோகம்.
பத்தொன்பது வருசமாய்ச் சம்பளச் சீட்டில்
அக்ரஹார என்றொரு வரி,
அதற்கு நேரே ஒரு கழிவு.
அது என்னவென்று நான் கேட்டதில்லை,
சீட்டும் சொன்னதில்லை.

மார்ச்சில் ஒரு விடியல்,
சக்கரத்தின் பதினோராவது சுற்றில்
நெஞ்சுக்குள் யாரோ ஈரச்சாக்கைப் போட்டு
மிதித்தார்கள்.
"வாய்வு கா, பயப்பிடாத" என்றேன் நவமலரிடம்.
அவள் ஏற்கெனவே ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டாள்.

ஆயித்தியமலையில் ஈசிஜி எடுத்த பிள்ளை
கடதாசியை ஒருதரம் பார்த்து, என்னை ஒருதரம் பார்த்து
"மட்டக்களப்புக்குப் போங்க, இண்டைக்கே" என்றது.
மட்டக்களப்பில் மூன்று நாள் வைத்திருந்து
குளிசை தந்து, எக்கோவுக்குத் திகதியும் தந்தார்கள்:
ஓகஸ்ட் இருபத்தேழு.
சிறுபோகம் வெட்டி
வைக்கோலும் ஏற்றி முடிந்திருக்கும்.

மறுகா தொடங்கினது அலைச்சல்.
வலையிறவுப் பாலம் தாண்டிப் போவதும்
தாண்டி வருவதும்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளின் பெயர்ப்பட்டையில் ஷிறோமி.
"அக்ரஹார எடுப்பீங்களா?"
"எடுப்பம் அங்கிள், வார்டில நிண்டாத்தான்.
டொக்டருக்குக் காட்டுறதுக்கு இல்ல."
வார்டில் நிற்கும் அளவுக்கு
என் வருத்தம் இன்னும் படிக்கவில்லை.

இன்னோரிடத்தில் போனுக்குள் ஆறு நிமிசம் வயலின்.
பிறகு ஒரு குரல்:
"முதல்ல நீங்க கட்டுங்க. பில்லை அனுப்புங்க. தருவாங்க."
"எப்ப?"
"தருவாங்க."

கடைசியில் கல்லடியில் ஒருவர்,
பின்னேரம் ஐந்துக்குப் பிறகு.
நவமலரின் சீட்டுக்காசில்
நாற்பத்தியேழாம் நம்பர் எனக்கு.
நாற்பத்தாறு ஏறாவூர் ஆதம்லெவ்வை, தபால்காரர்,
சீனி வந்த பைக்குள் அதே படிவம்,
மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்டது.
"எத்தினையாந்தரம்?" என்றேன்.
"மூணு. முதல்தரம் முத்திரை இல்ல.
ரெண்டாந்தரம் முத்திரை இருந்திச்சு, திகதி இல்ல."
அடுத்த வீட்டுக் கடிதம் மாறிப் போனது மாதிரிச் சொன்னார்.
பிறகு என் பக்கம் சரிந்து,
"இதே டொக்டர்தான் செவ்வாய் காலம்பற
பெரியாஸ்பத்திரி கிளினிக்கில. ஒரு சதமும் இல்ல."
"அப்ப நாம ஏன் இஞ்ச?"
"அஞ்ச போறதுக்கு இஞ்ச வரணும் தம்பி."

நாலு நிமிசம்.
"ஒரு வால்வு முழுசா மூடுதில்ல.
கொஞ்சம் பின்னுக்குக் கசியுது."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"கதவு மூடாட்டி நான் கிறீஸ் போடுவன் சேர்."
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டேயிருந்தார்,
எழுதி முடித்த பிறகு சிரித்தார்.
துண்டில் இருந்தது: செவ்வாய், கிளினிக், எட்டு மணி.
படிவத்தை நீட்டினேன்.
"இது பாஸ் ஆகாது" என்றபடி
இரண்டாம் பக்கத்தில் கையொப்பம் வைத்தார்.
முத்திரை ஆஸ்பத்திரி லாச்சியில்.

செவ்வாய் போனேன். அதற்கடுத்த செவ்வாயும்.
எக்கோ இப்போது மே மாதத்தில்.
அதற்குள் பாரம் தூக்காதே என்கிறார்கள்;
சக்கரத்தைச் சுற்ற
பக்கத்து வாய்க்கால் பொடியன் வருகிறான்,
அரைச்சுற்று மிச்சம் விட்டுவிட்டுப் போகிறான்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
என் கதவும் ஆறு வருசமாகக் கசிகிறதுதான்,
கையகலத் தண்ணீர்.
கீழே யாரோ ஒருத்தி அதில் கீரைப்பாத்தி போட்டிருக்கிறாள்.
பதிவேட்டில் நான் அதை எழுதியதில்லை.

படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் வெறுமை:
நோய் தொடங்கிய திகதி.
எந்தக் கதவு எந்த நாளில் எத்தனை அங்குலம் திறந்தது,
பத்தொன்பது வருசம் என்னிடம் கணக்கிருக்கிறது.
இதற்கு மட்டும் பேனையை வைத்துக்கொண்டு
இருக்கிறேன்.
நவமலர் எட்டிப் பார்த்து,
"மார்ச் எண்டு போடுங்க,
வருசத்த மறந்திராதீங்க" என்கிறாள்.