நாண் சிக்காத உடை

மெர்லின் கடையில் மூன்று தொங்கின,
கழுத்தில் விலைச்சீட்டோடு.

முதலாவது சணல்.
முகர்ந்தால் நனைந்த செம்மறியின் நெடி.
ஒரு மழை குடித்தால் ஒன்பது கிலோ என்றான் மெர்ல்,
தானே சுமப்பதுபோல் தோளைத் தடவிக்கொண்டு.
அசல் வேட்டைக்காரர்கள் இதைத்தான் எடுப்பார்களாம்.
அசல்கள் எல்லோருக்கும் முதுகுவலி
என்பதையும் அவனே சொன்னான்.

இரண்டாவது நைலான் நூல்.
எடையில்லை, நெடியில்லை.
ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பினேன்:
ஜனவரியிலும் கழற்றாத
கிறிஸ்துமஸ் சரிகைபோல் மினுங்கியது.
அதுவும் மே மாதப் பச்சை.
நான் உட்காரப்போவதோ அக்டோபர் பாதியில்,
ஒன்டனாகன் ஆற்றுக்கு மேலே,
மேப்பிள்கள் மொட்டையாகி
பெரணி துருப்பிடித்துக் கிடக்கும் சரிவில்.

மூன்றாவது வலைச்சட்டை,
துணி இலைகள் தைத்தது, பஞ்சுபோல் லேசு.
மரத்தில் ஏணி கட்டி அமர்கிறவர்களுக்குப் போதும்.
நான் தரையில் மண்டியிடுகிறவள்.

மறைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
வில்லை விடுமா என்று நான் கேட்டேன்.
துப்பாக்கிக்காரன் முழுப் புதராகலாம்;
ஒரு விரல் அசைந்தால் அவனுக்கு வேலை முடிந்தது.
எனக்கோ முழங்கை பின்னால் போகவேண்டும்,
நாண் கன்னத்தைத் தொடவேண்டும்,
விட்டதும் முன்கையை உரசாமல் ஓடவேண்டும்.
ஒரே ஓர் இழை குறுக்கே வந்தால் போதும்,
நெஞ்சுக்குப் போனது வயிற்றுக்குப் போகும்,
பிறகு இரவெல்லாம் டார்ச் வைத்து
ரத்தச் சொட்டுகளை எண்ணவேண்டும்.
ஒருமுறை எண்ணியிருக்கிறேன்.

சணலையே வாங்கினேன்.
அடுப்பங்கரை மேசையில் விரித்து
தையல் கத்தரியால் அறுவை:
இடது முன்கை, முழுதாக.
மார்பில் ஒரு சாண்.
வலது தாடையோரம், கொஞ்சம் கொஞ்சமாக.
மிச்சம் பாதிப் புதர், பாதி மனுஷி.
வெளுப்பேற்றும் சோப்பு மானின் கண்ணுக்கு
நீலமாய் எரியுமாம்; சோடா உப்பில் அலசி
கொட்டகையில் தேவதாருக் கிளைகளோடு தொங்கவிட்டேன்.
உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தபோது
என் நாய் என்னைக் குரைத்தது,
பிறகு அசடு வழிய வாலாட்டியது.

பதினேழாம் தேதி. இருட்டிலேயே போய் அமர்ந்தேன்.
விடிந்ததும் ஒரு சிட்டு முழங்காலில் வந்து உட்கார்ந்து
ஒரு சணல் நூலைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.
எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

எட்டரைக்கு ஆண்மான். ஆறு கிளைக் கொம்பு.
என் எல்லைக் குச்சிகளை ஒட்டியே நடந்து வந்தது,
நில அளவைக்காரன் ஆரஞ்சு நாடா கட்டி நட்ட குச்சிகள்.
இழுத்தேன்.
எதுவும் சிக்கவில்லை. கத்தரிக்கு நன்றி.
முனை விலாவுக்கு நேரே.
விலாவுக்கு அப்பால் ஒரு பெரணிப் புதர்.

அது தும்மியது.

மான் போன திசையைக்கூட நான் பார்க்கவில்லை.
புதர் எழுந்து நின்று மூக்கைத் துடைத்தது.
பன்னிரண்டு எட்டு.
மூன்று வருடமாகப் பேசாத என் தம்பி வெய்னோ,
அப்பாவின் நாற்பது ஏக்கரில்
தன் பாதியின் கடைசி அங்குலத்தில்,
விடியலுக்கு முன்பிருந்தே.

வில்லில் கட்டுவதும் நாண்,
முகத்தில் ஏறுவதும் நாண்.
முன்னதை மெல்லத் தளர்த்தி இறக்கினேன்,
கை நடுங்க, மூச்சு விடாமல்.
பின்னதற்கு நல்லவேளை முகவலை இருந்தது.
அவனுக்கும் இருந்தது.

"சணலா?" என்றான். "மழை வந்தா செத்தே."

"நைலான்," என்றேன். "மினுங்குது."

மினுங்கவில்லை.
சத்தியமாக, ஒரு துளிகூட மினுங்கவில்லை.