பத்து நிமிட இடைவெளி

கொலோன் நகரம், 1919 ஜனவரி

உட்காருங்கள் கேப்டன்.
அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை,
சுவரோரம் சாய்த்துக்கொள்ளுங்கள்.
நிலக்கரி இல்லை. கையுறையைக் கழற்ற வேண்டாம்.

யார் தொடங்கினார்கள் என்று கேட்கிறீர்கள்.
நான் ஹூபர்ட் எஷ்வைலர்,
இருபத்தாறு வருஷமாக ரயில் அட்டவணை போடுகிறவன்.
யார் என்பது தெரியாது.
எத்தனை மணிக்கு என்பது தெரியும்.

சரயேவோவில் சுட்டவன் பொடிப்பயல்.
அன்று இங்கே ஞாயிற்றுக்கிழமை,
ரைன் கரையில் படகுக்குக் கூட்டம்,
இரண்டு சிறப்பு ரயில் விட்டேன்.
அத்தோடு சரி என்றிருந்தேன்.

பிறகுதான் முடிச்சுகள் தெரிந்தன.
செர்பியாவைத் தொட்டால் ரஷ்யாவுக்கு வலிக்குமாம்.
ரஷ்யா எழுந்தால் நாங்கள் எழவேண்டுமாம்.
நாங்கள் எழுந்தால் பிரான்ஸ் படுத்திருக்காதாம்.
பெல்ஜியத்து வேலியை மிதித்தால்
நீங்கள் கடல் தாண்டி வருவீர்களாம்.
எல்லாமே ஆம்.
இல்லை என்று சொல்ல
அத்தனை அரண்மனையிலும் ஓர் ஆள் இல்லை.

பங்காளிச் சண்டை, கேப்டன்.
தந்தியில் செல்லப்பெயர் வைத்துக்
கொஞ்சிக்கொண்டவர்கள்தானே அரசர்கள்.

இதோ, இந்த இழுப்பறை.
அரக்கு முத்திரையிட்ட உறை ஒன்று இதில் இருந்தது.
ஒவ்வொரு ஏப்ரலும் பழையதை எடுத்துவிட்டுப்
புதியதை வைப்போம்.
தேதி இருக்காது.
முதல் நாள், இரண்டாம் நாள் என்றுதான் இருக்கும்.
திசை மட்டும் முடிந்த விஷயம்: மேற்கு.
கிழக்கில் கோபம் வந்தாலும் மேற்கு.
வருஷா வருஷம் இலை போட்டு வைத்தால்
யாராவது பந்திக்கு உட்காரத்தான் செய்வார்கள்.

ஆகஸ்ட் இரண்டு, முதல் நாள்.
பாலத்தின்மேல் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில்,
இரவு பகலாக, இரண்டு வாரத்துக்கு மேல்.
பெட்டியில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தார்கள்:
பாரிஸுக்கு உல்லாசப் பயணம்.
துப்பாக்கி முனையில் பூ.

ஒன்பதாம் நாள், விடியற்காலை 4.50.
என் மகன் மத்தியாஸ் போன ரயில்
இரண்டு நிமிடம் தாமதம்.
நடைமேடை முனையில் கடிகாரத்தோடு நின்றேன்.
அப்பா என்று ஒரு குரல்.
நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு.
இரண்டு நிமிடம் என்று எழுதினேன்.

அப்புறம் போரைப் பெட்டிகளில்தான் படித்தேன்.
செப்டம்பரில் வைக்கோல்மேல் மனிதர்கள் திரும்பினார்கள்.
மார்ன் என்று ஓர் ஆறாம்.
அதன் பிறகு போன ரயில்களில்
மண்வெட்டி, பலகை, முள்கம்பி.
மண்வெட்டி போனால்
போர் நின்றுவிட்டது என்று அர்த்தம்,
முடிந்தது என்று அர்த்தமில்லை.

பதினாறில் வெர்டன்.
போன தலைக் கணக்கும் வந்த தலைக் கணக்கும்
ஒட்டவே இல்லை, மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
மாட்டுத் தீவனக் கிழங்குதான்:
ரொட்டியில் அது, ஜாமில் அது, காப்பியிலும் அது.
உங்கள் கப்பல்கள் கடலை மூடியிருந்தன,
தெரியும் உங்களுக்கு.

பதினேழில் கோயில் மணிகள் ஏறின.
எனக்கு ஞானஸ்நானத்தன்று ஒலித்த மணியைச்
சரக்குப் பட்டியலில்
வெண்கலம், 840 கிலோ என்று எழுதினேன்.

ரஷ்யா விலகியது.
மறு வசந்தத்தில் கிழக்கிலிருந்த படையை எல்லாம்
மேற்கே தள்ளினோம்.
அச்சுக்குப் போடப் பசை இல்லை,
சக்கரங்கள் ஊர் கேட்க அலறின.
அதற்குள் அமெரிக்கர்கள்
வயிறு நிறையச் சாப்பிட்டு இறங்கியிருந்தார்கள்.

நவம்பரில் யாரும் அட்டவணை கேட்கவில்லை.
கூரைமேல் உட்கார்ந்து வந்தார்கள் பையன்கள்,
இஷ்டப்பட்ட நேரத்தில்.
ஒவ்வொரு ரயிலுக்கும் போய் நின்றேன்.
கூரையிலும் பார்த்தேன்.

உங்கள் படிவத்தில் காரணம் என்ற கட்டம்
ரொம்பச் சின்னது, கேப்டன்.
பொடி எழுத்தில் என் பெயர் கொள்ளும்.
மற்றவர்களுக்குத் தனித்தாள் ஒட்டவேண்டும்.
உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இழுப்பறை
இருந்திருக்குமே, சாவி யாரிடம்?

சரி, விடுங்கள்.
பான் நகருக்கு அடுத்த ரயில் 7.12.
இப்போதெல்லாம் தாமதமாகத்தான் வருகிறது.
எத்தனை நிமிடம் என்று
நான் எழுதுவதில்லை.