நாய்க்குப் போன மஞ்சள்

விடியுமுன் ஆறு முட்டை அவிப்பாய்.
வெள்ளை உனக்கு.
மஞ்சள் ஆறும் வாசலில்
புல்லட்டுக்கு.

பர்கூர் கிரானைட் பட்டறையில்
ராத்திரி ஷிப்டு முடித்து
கல்மாவு படிந்த புருவத்தோடு நேரே
ராயக்கோட்டை ரோட்டு மாடி ஜிம்முக்குப் போகிறவன் நீ.
தாளிப்பு வேண்டாம் என்றாய்.
கடலை வேண்டாம், தேங்காய் வேண்டாம்,
சோற்றிலும் பாதியைத் திருப்பிக் கொட்டினாய்.
எண்ணெய் பாட்டிலில்
எறும்பு செத்துக் கிடந்தது.

மூன்று மாதம்.
புல்லட்டுக்கு ரோமம் மினுங்குகிறது.
தெரு நாய்கள் அதற்கு வழிவிடுகின்றன.
உன் பெல்ட்டில்
ஆணி காய்ச்சிப் போட்ட புது ஓட்டை.
"புரோட்டீன் பத்தலை" என்றாய்.
ஆறு எட்டானது.

கல் உரசிய கணுக்கால் புண் ஆறவே இல்லை என்று
கிருஷ்ணகிரி ஜி.எச்.சுக்குப் போனோம்.
டயட்டீஷியன் ரெஜினா கேட்டாள்:
"எண்ணெய் எவ்வளவு?"
சொட்டுக்கூட இல்லை என்றாய், பெருமையாக.
அவள் பேனாவை மூடி வைத்தாள்.

உடம்பு முதலில் எரிக்கும்,
மிச்சத்தில்தான் கட்டும்.
எரிக்க ஒன்றும் தராவிட்டால்
கட்ட வந்ததையே அடுப்பில் போடும்.
எட்டு முட்டையில் பாதி
அப்படிப் போயிருக்கலாம்.
'லாம்' என்றுதான் சொன்னாள்.
ஆளுக்கு ஆள் மாறுமாம்.
கொஞ்சம் கொழுப்பு சேர்ந்தால்
முட்டை நாலே போதுமாக இருக்கலாம், அதுவும் 'லாம்'.

நீ நம்பவில்லை.
பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாய்.

எனக்கு உடனே புரிந்தது, முனிராஜு.
வீடு கட்ட இறக்கிய செங்கல்லில்
நீ ஜிம் பீஸ் கட்டிய மாதமெல்லாம்
சிலிண்டருக்கு நூற்றைம்பது என்று
நான் விற்றுக்கொண்டிருந்தேன்.
சுவர் ஏன் ஜன்னல் மட்டத்தைத் தாண்டவில்லை என்று
நீ மேஸ்திரியைத் திட்டினாய்.
அந்த ஆள் பாவம்,
செங்கல்லை எண்ணத் தெரியாதவன் என்று பெயர் வாங்கினான்.

இன்று வாணலியில்
கடலையெண்ணெய் இரண்டு கரண்டி.
வெங்காயம் சிவந்ததும்
நாலு முட்டை, முழுசாக உடைத்து.
தட்டைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய்.
முதல் வாயில் உதடு பளபளத்தது.

வாசலில் புல்லட்டு
வாலால் மண்ணைப் பெருக்கியபடி உட்கார்ந்திருக்கிறது,
இன்னும் விஷயம் தெரியாமல்.

சாப்பிட்டு முடி.
செங்கல் கதையை
அப்புறம் சொல்கிறேன்.