பத்து மில்லிமீட்டர்

"குடிப்பாரா?" என்றார்கள் ஓ.பி. சீட்டு எழுதிய இடத்தில்.
"குடிப்பாரா?" ஸ்கேன் அறையில்.
எண்டாஸ்கோபி வரிசையில் பக்கத்தில் நின்றவள்கூட,
அவளுடையவர் குடித்தவர் என்பதால், கொஞ்சம் உரிமையோடு.
இல்லை, குடித்ததில்லை.
காமாலைக் கிருமி ஒன்று
இருபது வருடம் வாடகை தராமல் குடியிருந்தது.

எத்திராஜ் குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவர்.
அயனாவரத்தில் பதினேழு தெருவுக்கு
விடிகாலை மூன்றரைக்கு அவர் கைதான் மேகம்.

முதல்முறை வாஷ்பேசின் நிறைய ரத்தம் எடுத்தபோது
ஓடிப்போய்க் குழாயைத் திருகினேன்.
காற்று வந்தது. அன்று எங்கள் தெருவுக்கு முறை இல்லை.
பிடித்து வைத்திருந்த இரண்டு வாளியும் அதற்கே போனது.

ரப்பர் வளையம் போட்டார்கள், மூன்று தடவை.
வயிற்றில் ஊசி வைத்து ஐந்து லிட்டர் எடுத்தார்கள்,
பத்து நாளில் மறுபடி ஐந்து.

டாக்டர் ரிஸ்வானா ஒரு தாளில் வரைந்தார்:
குடலிலிருந்து ஏறும் பெரிய குழாய், கல்லாகிப்போன ஈரல்,
வழியில்லாத ரத்தம் உணவுக்குழாயில் புடைத்த இடம்.
கழுத்து வழியாகக் கம்பி இறக்கி
ஈரலுக்குள்ளேயே ஒரு சுரங்கம் போடுவோம்,
அது தூர்ந்துவிடாமலிருக்க
பத்து மில்லிமீட்டரில் ஒரு ஸ்டென்ட்.
"பைபாஸ் மாதிரி," என்றார்.

இவர் தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தார்.
"ஃபில்டரைச் சுத்திக்கினு லைனை வுட்டா
பிரஷர் கொறையும், சரி.
கலங்கத் தண்ணி வூட்டுக்குப் போவுமே, மேடம்?"

பேனா ஒரு நொடி நின்றது.
"போகும்," என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.
"சிலபேருக்கு."

இருபத்தொன்றிலிருந்து எட்டுக்கு இறங்கியதாம் அழுத்தம்.
வயிறு வற்றி, பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவ,
வார்டே பார்க்கச் சிரித்தோம்.
டாப்ளரில் உள்ளே ஓடுவதைக் கேட்கவைத்தார்கள். உஷ், உஷ்.
"ஃபுல் ஃபோர்ஸு" என்று கட்டைவிரலைத் தூக்கினார்.

மூன்றாவது வாரம் ரசத்தில் சர்க்கரை போட்டார்.
மகன் பெயரைக் கேட்டேன்,
யோசித்து, ரேஷன் கார்டு எண்ணைச் சொன்னார்.
கையை நீட்டச் சொன்னால்
கம்பியில் உட்காரத் தெரியாத காக்கைபோல்
மணிக்கட்டு விழுந்து விழுந்து எழுந்தது.
சிதறிய எண்களைக் கோட்டால் சேர்க்கச் சொன்னார்கள்.
பன்னிரண்டில் நின்று "இந்த லைன் பிளாக்கு" என்றார்.

அன்றிரவு தூங்கவில்லை. இருட்டில் பேசினார்:
"பூங்காவனம், அந்த வறட்சி வருஷம்
கவுன்சிலர் தெருவுக்கு அரைமணி கூட வுட்டேன்.
பள்ளத் தெருவுல கொடத்தோட அடிச்சிக்கினாங்க.
காசு வாங்கினேன். உன் கம்மல் அதுல வந்தது."

விடிந்ததும் அவருக்கு அது நினைவில்லை.
எனக்கு இருக்கிறது.
கம்மல் சேட்டுக் கடையில் இருக்கிறது,
காப்பீட்டில் வராத மீதிக்கு.

இனிப்பு மருந்து முப்பது மில்லி, மூன்று வேளை.
நாளைக்கு மூன்று முறை போகவேண்டும்.
காலண்டரில் கோடு போடுகிறேன்,
இரண்டு கோடென்றால் மருந்தைக் கூட்டுகிறேன்.
முற்றினால் ஸ்டென்ட்டைச் சுருக்கலாம், என்றார் ரிஸ்வானா.
சுருக்கினால் வயிறு ஊறலாம். மறுபடி ரத்தமும்.
தெளிந்த ஒரு மதியம் இதைச் சொன்னேன்.
"எந்த வால்வும் அப்டித்தான். பதினோரு சுத்து.
பன்னண்டு போட்டா கடைசி வூடு காஞ்சிடும்."

மூன்றரைக்கு எழுந்து சட்டை மாட்டிக்கொள்கிறார்.
தடுக்காமல் பின்னாலேயே போகிறேன்.
தெருமுனையில் குனிந்து, இல்லாத சாவியைத் திருகுகிறார்,
நான் எண்ணுகிறேன்.
பதினொன்றில் நிறுத்தி நிமிர்கிறார். தெருவிளக்கில்
என் முகத்தை வெகுநேரம் பார்க்கிறார்.

"காதுல இன்னா?"

"தொடப்பக்குச்சி. தொளை தூந்துடாம."

ஆமாம், அதுதான் சரி என்பதுபோல் தலையாட்டுகிறார்.
எங்கோ ஒப்பந்தப் பையன் திறந்திருக்கிறான்.
குழாய்கள் இருமுகின்றன, ஒவ்வொரு வீடாக.