தடைக்காலத்தில் வந்த பெட்டி

மண்டபத்தில் என் பட்டறை வாசலில்
பதினாறு விசைப்படகின் டீசல் பம்புகள்
வரிசையில் கிடந்தன.
பதினேழாவதாக ஒரு பெட்டி இறங்கியது
ஷேர் ஆட்டோவின் கூரையிலிருந்து.

ஸ்டேஷன் கவுண்டரில் முப்பது வருஷம்
டிக்கெட் கொடுத்த ஹில்டா மேடம்
ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கைக்
கொழும்பு ஹோட்டல் ஏலத்தில் விட்டிருந்தார்.
"பெடல் ஸ்டீல் கிட்டார்" என்றார்.
திறந்தேன்.
இஸ்திரி மேசை மாதிரி உடம்பு,
கழற்றி வைத்த நாலு கால்.
"இதைத் தோளில் மாட்ட முடியாதே?"
"எனக்கும் முட்டி வலிதானே,
உட்கார்ந்து வாசிக்கிறதாப் பார்த்து வாங்கினேன்."

குப்புறக் கவிழ்த்தேன்.
நெம்புகோல், இழுகம்பி, ஸ்பிரிங்.
அட, நம்ம வேலை.

உப்பு சாவித் துவாரம் வழியாகவும் வரும் ஊர் இது.
மிதியை அழுத்தினால் மொத்தப் பெட்டியும் முனகியது.
இரண்டு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன்.
காந்தச் சுருளில் எங்கோ அறுந்திருந்தது
தலைமுடியைவிட மெல்லிய கம்பி.
டயானா தன் தையல் மெஷினில் புதிதாய்ச் சுற்றினாள்,
ஒன்பதாயிரம் சுற்று.
நாலாயிரத்து முந்நூற்றில் கரண்ட் போனது.
இருட்டில் விரலை எடுக்காமல்,
"சீக்கிரம் உங்க கையில எழுதுங்க" என்றாள்.

மேலே யாரோ பூசிய கறுப்பு எனாமல்.
சுரண்டினால் ஒரு சிவப்பு.
அதற்கும் கீழே மரம், வெல்லப்பாகு நிறம்,
தண்ணீர் வற்றிய மணலில் நிற்கும் கோடுகளோடு.
ஓரத்தில் சிகரெட் சுட்ட தழும்பு.
"தேய்த்துவிடவா?"
"அது யாரென்று எனக்குத் தெரியாது.
இருக்கட்டும்."

லேக்கர் அடித்தேன்.
கொண்டல் காற்றின் ஈரம் ஏறிப்
பாலாடையாய் வெளுத்தது.
தேய்த்து மறுபடி அடித்தேன்.
வெளுத்தது.
படகுக்கு அடித்ததென்றால் கடலில் தள்ளிவிட்டிருப்பேன்.
வைகாசியில் ஒரு மத்தியானம்
மேற்கேயிருந்து கச்சான் திரும்பியது,
உதடு வெடிக்கிற காய்ச்சல் காற்று.
கதவைச் சாத்திக்கொண்டு
பதினோரு நிமிஷத்தில் அடித்து முடித்தேன்.
கண்ணாடி.
உள்ளே ஒரே ஒரு எறும்பு.
அதுவும் இருக்கட்டும் என்றார்.

பம்பில் ஒரு நூல் ஆட்டமிருந்தாலும் டீசல் கசியும்.
அதே கையால் இதையும் முறுக்கியிருந்தேன் போல.
மிதி இறங்கியது, ஏறவில்லை.
சுருதி உச்சியிலேயே நின்றது,
கடன் கேட்டு வந்தவன் வாசலில் நிற்பதுபோல.
மூட்டு மூட்டாய்க் கால் சுற்று தளர்த்தினேன்.
இத்தனை வருஷத்தில்
வேண்டுமென்றே ஆட்டம் விட்டது அன்றுதான்.

ஹில்டா மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து
இரும்புத் துண்டைக் கம்பிகள்மேல் வைத்து
இடது காலால் மிதித்தார்.
ஒரு சுரம் கிளம்பி
அடுத்ததை நோக்கிப் போனது.
போய்ச் சேரவில்லை.
நடுவழியில் நின்று ஆடியது.

வெளியே வலை பொத்திக்கொண்டிருந்த கிளாடியஸ்
"நாய் ஏதும் அடிபட்டிருச்சா?" என்றான்.
"இப்போதைக்கு அப்படித்தான்" என்றார்
மேடம், தலை நிமிராமல்.

தடை முடிந்து படகுகள் போய்விட்டன.
சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்பிரிங் கிடக்கிறது.
பம்பினுடையது இல்லை, அளந்து பார்த்துவிட்டேன்.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.